பவளத்தோணியில இல்லாத மரியம்

ஓம் ஓம், குடிங்க மகள். பிளேன்டி ஆறினா வாய்க்கு விளங்காது. இஞ்சத்தத் தண்ணி கொஞ்சம் உப்பு, அதுக்காகத்தான் மருமகள் சீனிய அள்ளிப் போட்டிருக்கிறா. நிக்கொலஸ் தம்பிக்கும் அந்தக் கோப்பையக் குடுங்க. அவர் கெமராவ மட்டும் மூடி வெக்கட்டும். இல்ல இல்ல, கோவம் ஒண்டும் இல்ல. மகன் அசர் தொழப் போயிருக்கிறான். தொழுதிட்டு அங்கேயே புள்ளைகளுக்கு ஓதிக் குடுத்திட்டு பொழுதுபட்டு மஃரிபுக்குப் பிறகுதான் வருவான். வந்து கெமராவக் கண்டானெண்டா உங்களோட ஒண்டும் கதைக்க மாட்டான், மரியாதையான புள்ளை. நீங்க போனாப்பிறகு என்னோடதான் கதைப்பான்.

நீங்க கேட்டதுக்கு மறுமொழிய முதல்லயே சொல்லிப் போடுறன், இழுபட வேணாம். நீங்க எடுக்கிற படத்தில அந்தத் துண்ட வெட்டிருங்க. எங்கட மரியம் வாற துண்ட. மத்ததெல்லாம் உங்கட விருப்பம். பாட்டப் போடுங்க, இன்னாசிப்பிள்ளை மாஸ்டர் எப்பிடிப் படம் எடுத்தாரெண்டு சொல்லுங்க, கருவாடு காயப் போடுற வாடி இரிந்த இடத்தக் காட்டுங்க. மரியத்த மட்டும் விட்டிருங்க. இதுதான் எங்கட வீட்டு மறுமொழி. மகன் ஸப்ரான் சொல்லச் சொன்னது. நானும் அதத்தான் சொல்லுறன்.

ஏன் முகத்த அப்பிடி வெக்கிறீங்க? எனக்கு விளங்காம இல்ல மகள். பவளத்தோணிப் படம் முழுசா எரிஞ்சு போச்சு, எண்பத்தி மூண்டுக் கலவரத்தில, கொழும்பில. ரேடியோவில பாட்டு மட்டும் மிஞ்சிச்சு. நாப்பது வருசத்துக்குப் பிறகு நீங்க சிலாபத்தில மாஸ்டர்ட மகளத் தேடிப் புடிச்சு, அந்தப் புள்ளைட வீட்டில பிஸ்கட் தகரத்துக்குள்ள இரிந்து ஒரே ஒரு துண்டு எடுத்திருக்கிறீங்க. அதுவும் கெட்டுப்போன துண்டு. படத்தில சேக்காமக் கழிச்சது. நல்லதெல்லாம் நெருப்புக்குப் போயிட்டு, கழிச்சுப் போட்டது மட்டும் மிஞ்சிக் கிடக்கு. இப்ப நான் அதையும் வெட்டச் சொல்லுறன். உங்கட இடத்தில நானிரிந்தா எனக்கும் வயித்தெரிச்சலாத்தான் இரிக்கும்.

என்ன? அண்டைக்குச் சரீப்ட கடையில படத்தக் காட்டிக் கேட்டநேரம் ஏன் தெரியாதெண்டு சொன்னீங்களெண்டா? அத விடுங்க. அது வேற கதை. பேந்து சொல்லுறன்.

இந்தப் படம் எடுக்கக்குள்ள நான் ஊரில இல்ல. எழுபத்தொண்டு. நான் கொழும்பில, புறக்கோட்டையில, ஒரு துணிக்கடையில நிண்டன். மரியம் அப்ப எனக்கு ஆரோ. ஒரே ஊர்தான், மன்னார்க் கரை, ஆனாலும் பொம்புளப்புள்ளைகள ஆர் பாத்தது. எல்லாம் கலியாணம் முடிச்சாப்பிறகு அவ சொல்லித்தான் தெரியும். ஒரு தரமா ரெண்டு தரமா? மீன் ஆயக்குள்ள சொல்லுவா, புள்ளைக்குப் பால் குடுக்கக்குள்ள சொல்லுவா. எனக்கு அந்தப் படம் எடுத்த ஆக்கள விட அந்தப் படத்தப் பத்தித் தெரியும் மகள். நீங்க முதல்லயே என்னத் தேடி வந்திரிந்தா அந்த மாஸ்டர்ட மகளத் தேடி இவ்வளவு அலைஞ்சிரிக்கத் தேவல்ல.

அந்தப் பாட்டு வருமே, கருவாடு காயுற வெயிலில காத்திருக்கிறன் மச்சானெண்டு. காத்திருக்கிறது வாடியில, தலையில பாத்தா முழம் முழமா மல்லிகைப்பூ. வாடியில வேலை செஞ்ச புள்ளைகள் சிரிச்சுச் சிரிச்சு வயிறு நொந்து போச்சாம். கதாநாயகி கொழும்புப் புள்ளை. கருவாட்டு மணம் தாங்காம ஓடிப்போய்ச் சத்தி எடுத்திட்டு, வாயக் கொப்புளிச்சிட்டு, திரும்ப வந்து நிண்டு சிரிக்குமாம். மரியம்தான் தேசிக்காய் ஒண்டு கீறிக் குடுத்தாவாம், அந்தப் புளி மணத்த மோந்து பாத்திட்டு நில்லுங்களெண்டு. பாட்டு ஒரு பெட்டியில இரிந்து சத்தமா வருமாம், இது சும்மா வாய அசைக்குமாம். அத மரியம் செஞ்சு காட்டுவா. வாய மட்டும் அசைச்சு, சத்தம் வராம, கழுத்த அப்பிடி ஒரு வெட்டு. சமைக்கிற இடத்தில நிண்டு கொண்டு.

வாடியில வேலை செஞ்ச ஆறு புள்ளைகளையும் பின்னால நிப்பாட்டியிருக்கிறாங்க. உங்கட வேலையச் செய்யுங்க, கருவாட்டப் பிரட்டுங்க, கெமராவ மட்டும் பாத்திராதீங்க எண்டு மாஸ்டர் சொன்னாராம். ஓம், எல்லாம் முஸ்லிம் புள்ளைகள். வாப்பாமார் விட்டாங்களோ எண்டா, ஆடவா பாடவா கூப்பிட்டாங்க? வாடி முதலாளி வீடு வீடாப் போய், தினம் செய்யிற வேலையத்தான் எடுக்கிறாங்க எண்டு கதைச்சுச் சம்மதம் எடுத்தவர். மரியத்துக்குப் பதினஞ்சு வயசு.

மாஸ்டருக்கு வெயில் சாயுற வெளிச்சம்தான் வேணுமாம். பகல் முழுக்கக் காத்துக் கிடந்து, வெளிச்சமும் வந்து, பாட்டும் போட்டாச்சு. கதாநாயகி ஆடுறா, சத்தி எடுக்கல்ல, காத்தும் நல்லா அடிக்குது. எல்லாம் சரி. அந்த நேரம் பாத்து அசருக்குப் பாங்கு சொல்லிட்டாங்க. எங்கட பள்ளி கெமராவுக்கு நேர பின்னால. பாங்கு கேட்டா எங்கட பொம்புளையள் தலைய மூடுவாங்க மகள். எந்த வேலையா இரிந்தாலும் சரி. அது நினைச்சுச் செய்யிறது இல்ல, கை தானாப் போகும். ஆறு பேரும் கருவாட்ட விட்டிட்டுச் சத்தம் வந்த பக்கம் ஒருக்காத் திரும்பிப் பாத்திருக்கிறாங்க. பள்ளி அந்தப் பக்கமெண்டா கெமராவும் அந்தப் பக்கம்தானே. பாத்துப்போட்டு ஆறு முக்காட்டையும் ஒண்டா இழுத்துப் போட்டிட்டாங்க.

கதாநாயகிப் புள்ளை அதக் கண்டிட்டு, இதுவும் ஆட்டத்தில சேந்ததாக்கும், எனக்குத்தான் சொல்லாம விட்டிட்டாங்க எண்டு நினைச்சு, அவவும் தாவணிய எடுத்துத் தலையில போட்டிட்டா. மல்லிகைப்பூவுக்கு மேல. கெமராக்காரனும் நல்லா இரிக்கெண்டு நிப்பாட்டாம எடுத்துக் கொண்டே நிண்டானாம். மாஸ்டர் தலையில கைய வெச்சுக்கொண்டு மணலில இரிந்திட்டார். கருவாட்டு வாடியில கொழும்புக் கதாநாயகி முக்காட்டோட நிண்டா எந்த மச்சான் வருவான்?

அடுத்தநாள் எங்கட புள்ளைகள் வேணாமெண்டு பக்கத்து ஊர் வேதக்காரப் புள்ளைகளக் கொண்டு வந்து எடுத்தாச்சு. அதுகளும் மாதா கோயில் மணி அடிச்சா சிலுவை போடக் கைய நெத்தியில வெக்குமேயெண்டு நான் மரியத்துக்கிட்டக் கேட்டன். மாஸ்டர் மணி அடிக்கிற நேரத்தப் பாத்து, அதுக்கு முந்தித்தான் எடுத்தவராம். அவர்ட வேதம் அவருக்குத் தெரியும்தானே.

அப்ப படத்தில மரியம் இல்ல. அதான் கதை. கலியாணம் முடிச்ச அடுத்த வருசம் மன்னாரில திரும்பவும் அந்தப் படம் ஓடிச்சு. இவ கரைச்சல் தாங்கேலாமக் கூட்டிக்கொண்டு போனன். பாட்டு வந்தது. கண்ண மூடாமப் பாத்தன், வேதக்காரப் புள்ளைகள் நிக்குது. எங்க நீ எண்டு கேட்டன். எடுத்தது வேற, போட்டது வேற எண்டா. நான் நம்பல்ல. ஆர் நம்புவாங்க? பாங்கு சொன்னதால படத்தில இல்லாமப் போனாளாம். அதுக்குப் பிறகு எங்கட வீட்டில அது ஒரு பகிடி. ஆரும் வந்தா நான் சொல்லுவன், இவ நடிச்ச படத்தில இவ ஒராள்தான் இல்லையெண்டு. அவக்கு மூக்கு விடைச்சிரும். நம்பாட்டி விடுங்க, அல்லாஹ்வுக்குத் தெரியும் எண்டிட்டு உள்ளுக்குப் போயிருவா. கொஞ்ச நேரத்தில தேத்தண்ணியோட வருவா. சிரிச்சுக்கொண்டுதான் வருவா.

எப்பிடி இரிப்பாவோ? நல்ல நிறம். உயரம் காணாது. இடது கன்னத்தில ஒரு மறு, மிளகளவு. கலியாணத்துக்கு அவவ முதல் முதல் பாத்தநேரம் எனக்குத் தெரிஞ்சதே அந்த மறுதான். மன்னார்ல ஸ்டூடியோவுக்குப் போய் ரெண்டுபேரும் ஒரு படம் எடுத்தம். நான் கதிரையில இரிக்க அவ பக்கத்தில நிக்கிறா. அலுமாரியில உடுப்புக்குக் கீழ வெச்சிரிந்தா அத.

தொண்ணூறில இயக்கக்காரர் எங்கட முஸ்லிம் சனம் முழுசையும் ஊர விட்டு வெளிக்கிடச் சொன்னது உங்களுக்குத் தெரியும்தானே. நீங்க அப்ப சின்னப்புள்ளை. தெரிஞ்சிரிக்கட்டும் எண்டுதான் சொல்லுறன், அழ இல்ல. ஆளுக்கு ஒரு உடுப்புப் பைதான். மரியம் குர்ஆன எடுத்தா, புள்ளைகள்ட உடுப்ப எடுத்தா, கேத்தல எடுத்தா. அந்தப் படத்தையும் எடுத்து ஒருக்காப் பாத்தா. பேந்து திரும்ப அலுமாரியில வெச்சிட்டா. ஒரு கிழமையில வரப்போறம், இதக் கொண்டுபோய்க் கடலில நனைக்கவா எண்டா. நானும் ஓமெண்டன். கண்ணாடி போட்ட படம், வள்ளத்தில உடைஞ்சிருமெண்டு நானும் நினைச்சன். அப்பிடித்தான் எல்லாரும் வந்தது. கற்பிட்டியில இறங்கி, பேந்து இஞ்ச கரைத்தீவுப் பக்கம் ஓலைக் கொட்டிலில இரிந்து, இப்ப இந்தக் கல்லு வீடு. ஒரு கிழமை இன்னும் முடியல்ல.

ஓம், சண்ட முடிஞ்சாப்பிறகு போய்ப் பாத்தன். வீடு இல்ல. நிலம் இரிக்கு, கிணறு இரிக்கு, கிணத்துக்குள்ள ஒரு ஆலமரம் முளைச்சிரிக்கு. அலுமாரிக்கு எங்க போறது.

அதுக்குப் பிறகு ஒரு படமும் எடுக்கல்லயோ எண்டு கேக்கிறீங்க. எடுத்தம். மகள் ஸாஜிதாட கலியாணத்துக்குப் புத்தளத்துக் கெமராக்காரன் வந்தவன். அதில ஒரு படத்தில மரியம் சோத்துச் சகன் தட்டத் தூக்கிக்கொண்டு பின்னால போறா. நல்ல படம். கொஞ்சநாள் சுவரில தொங்கிச்சு. ஸப்ரான் மதரசாவில ஓதி முடிச்சிட்டு வந்து, படம் தொங்குற வீட்டுக்கு வானத்து மலக்குமார் வரமாட்டாங்க உம்மா எண்டான். கழட்டினது அவனில்ல, மரியம்தான். மகன் ஓதினவன், அவன் சொன்னா அவக்கு அது வேதம். அல்பத்தையும் அவதான் எடுத்துக் குடுத்தா. அவனும் மூலையில வீசல்ல. மரியாதையா, ஒவ்வொண்டா எரிச்சு, சாம்பலக் குளத்துப் பக்கம் கொண்டுபோய்த் தாட்டான்.

நீங்க அவனப் பத்திப் பிழையா நினைச்சிரக் கூடாது. அதுக்குத்தான் இவ்வளவும் சொல்லுறன். மரியத்துக்குச் சிறுநீரகம் பழுதாப் போச்சு, இஞ்சத்தத் தண்ணியெண்டு சொன்ன ஆக்களும் இரிக்கு. கிழமைக்கு ரெண்டு தரம் ஆஸ்பத்திரி. வேன்ல ஏத்தி, இறக்கி, தூக்கிக் கொண்டுபோய்ப் படுக்க வெச்சது ஸப்ரான். காலில வீக்கம் வந்தநேரம் மடியில தூக்கி வெச்சு நீவி விட்டது ஸப்ரான். நான் பக்கத்தில கதிரையில இரிப்பன். எனக்கு வேற என்ன தெரியும்? துணி கிழிக்கத் தெரியும். ஒரு நேர்ஸ் வந்து அவட மூக்கில குழாய் போட்டு, வலது கன்னத்தில இரிந்த மறுவுக்கு மேல பிளாஸ்டர ஒட்டிட்டா. அதக் கழட்டக்குள்ள அவக்கு நோகுமேயெண்டு பாத்துக்கொண்டு இரிப்பன். அவ்வளவுதான் நான் செஞ்ச வேலை.

மவுத்தாகி ரெண்டு வருசமாகுது. ஐடென்டி காட்ட, மரணப் பதிவுக்குப் போகக்குள்ள வாங்கிட்டாங்க. அது சட்டம்தானே, மவுத்தான ஆளுக்கு என்னத்துக்கு ஐடென்டி காட். குடுக்கிறதுக்கு முந்தி நான் அதப் பாத்திரிக்கலாம். பாக்கத் தோணல்ல.

இப்ப ஸப்ரான் என்ன சொல்லுறானெண்டா, நீங்க படத்த எடுத்து டீவியில போடுவீங்க, அதுக்குப் பிறகு ஆர் ஆர்ட கைப்போனிலயோ போகும், உலகம் முழுக்கப் பாக்கும். ஒரு சினிமாப் பாட்டு ஓடுது, முன்னால ஒருத்தி ஆடுறா, பின்னால என்ட உம்மா. பாக்கிற அந்நிய ஆம்புளை ஒவ்வொருத்தன்ட பார்வையும் கபுருக் குழியில அவக்கு வேதனையாப் போனா என்ன செய்வீங்க வாப்பா எண்டு கேக்கிறான். அவ தலைய மூடுறதத்தானே மகன் எடுத்திரிக்கிறாங்கயெண்டு நான் சொன்னன். மூடுறதுக்கு முந்தியும் எடுத்திரிக்குதானேயெண்டான். உம்மாக்கு இப்ப வாய் இல்ல வாப்பா, அவக்காக நாங்கதான் கதைக்கணும் எண்டு சொல்லிட்டு அழுதான். நாப்பது வயசுக்குக் கிட்ட வந்த ஆம்புளை, தாடியெல்லாம் நனைய.

நான் ஆலிமும் இல்ல, படம் எடுக்கிற ஆளும் இல்ல. நீங்க சொல்லுறது கேட்டா நீங்க சொல்லுறது சரி. பாங்குக்கு முக்காடு போட்ட புள்ளைகள உலகம் பாக்கட்டும், அவங்க இரிந்த ஊரையும் பாக்கட்டும் எண்டு நீங்க சொல்லுறீங்க. எனக்கு நெஞ்சு விரியுது. அவன் சொல்லுறது கேட்டா அவன் சொல்லுறது சரி. மரியம் இரிந்தா அவவக் கேக்கலாம். அவ மகன்ட பக்கம்தான் நிப்பா. நிண்டுபோட்டு, அடுப்படிக்குப் போய் அந்த வாய அசைக்கிற ஆட்டத்த எனக்குக் காட்டுவா. ரெண்டும் அவதான். எத எடுக்கிறது?

அவன் அதப் பாக்கவும் இல்ல, ஓம். நீங்க கைப்போனில அனுப்பினதத் தொட்டும் பாக்கல்ல. நானும் இஞ்ச வெச்சுக்கேலாது. நீங்க அந்தச் சின்னக் குச்சியில போட்டுத் தாறன் எண்டு சொல்லுறீங்க. எங்க வெக்க? இது மகன்ட வீடு. என்ட எண்டு இஞ்ச ஒரு பாயும் ஒரு தஸ்பீக் மணியும்தான். அவனுக்குத் தெரியாம வெச்சு நான் மவுத்தானாப்பிறகு அவன்ட கையில அம்பிட்டா, அந்தப் புள்ளை என்னையும் நினைச்சுப் பயந்து கிடக்கும்.

அப்ப ஒண்டு கேக்கிறன். வெட்டினா அந்தத் துண்டு என்னாகும்? துணிக்கடையில வெட்டினா ரெண்டு பக்கமும் துணிதான். வெட்டித் தையக்காரனிட்டக் குடுத்தாலும் மிஞ்சின துண்ட வாங்கிக்கொண்டு போவாங்க. இதில எப்பிடி? கொம்பியூட்டருக்குள்ள கிடக்குமா. உங்கட ஒபீஸில, அலுமாரியில பூட்டி வெப்பீங்க, ஆருக்கும் காட்டமாட்டீங்க. நல்லம். திரும்பவும் அவக்கு அலுமாரிதான்.

என்ன? முதல்ல எதச் சொன்னன்? இடதா. இடது கன்னமெண்டா சொன்னன். இப்ப வலதெண்டு சொல்லிட்டனா.

ம்.

நீங்க கெட்டிக்காரி மகள். கெமராவ மூடினாலும் காத மூடல்ல.

தெரியாது. இடதா வலதா எண்டு எனக்குத் தெரியாது. இரிந்திச்சு, அது சத்தியம். தொட்டுப் பாத்திரிக்கிறன். எந்தப் பக்கம் எண்டு நேத்து ராவெல்லாம் யோசிச்சன். ஆஸ்பத்திரியில பிளாஸ்டர் ஒட்டினது வலது, அது கதிரை இரிந்த பக்கம், அதால தெரியும். ஆனா கலியாணத்தில நான் பாத்தது இடது. ரெண்டும் எனக்கு நல்லாத் தெரியுது. ஒண்டு பொய்.

ஸாஜிதாட்டக் கேக்கலாம். எப்பிடிக் கேக்க? உங்கட உம்மாட மறு எந்தப் பக்கமெண்டு ஒரு வாப்பா மகளிட்டக் கேப்பானா?

கண்ண மூடினா ஆஸ்பத்திரிக் கட்டில்தான் வருது. ஊதின முகம், குழாய், வெடிச்ச உதடு. அதுக்கு முந்தினது வருதில்ல. குரல் வருது. கேத்தல வெக்கிற சத்தம் வருது, நடை வருது. முகத்துக்கு வந்தாக் கட்டில் வந்து நடுவில நிண்டிருது. துஆ கேக்கக்குள்ள ஆருக்குக் கேக்கிறன் எண்டு பாத்தா அந்தக் கட்டிலுக்குக் கேக்கிறன். நாப்பத்தொரு வருசம் ஒண்டாயிரிந்தது. இத ஆருக்கிட்டச் சொல்ல? ஸப்ரானிட்டச் சொன்னா, நான் எரிச்சதாலதானே வாப்பா எண்டு அந்தப் புள்ளை உடைஞ்சு போயிரும். அதால நான் சொல்லல்ல.

கண் நல்லாத் தெரியும். போன வருசம்தான் ஒப்பரேசன் செஞ்சது.

அண்டைக்குச் சரீப்ட கடையில நீங்க லப்டொப்ப வெச்சுக் காட்டினீங்க. இந்தப் புள்ளைகள் ஆரெண்டு உங்களுக்குத் தெரியுமா எண்டு எல்லாரிட்டயும் கேட்டீங்க. நான் முன் வாங்கில இரிந்தன். கிட்டத்தான் இரிந்தன். தெரியாது மகள் எண்டு சொன்னன். சரீப் பின்னால நிண்டு எட்டிப் பாத்துப்போட்டு, டேய் நெய்னார், இது உன்ட பொஞ்சாதியெல்லோ எண்டு கத்தினான். அவன் சின்ன வயசில அந்த வாடியில மீன் கூடை சுமந்தவன். கடையில எல்லாரும் சிரிச்சாங்க. பொஞ்சாதியக் காட்டிக் குடுக்க வெக்கப்படுறான் எண்டாங்க. நானும் சிரிச்சன். நீங்களும் அப்பிடித்தான் நினைச்சிரிக்கிறீங்க, இவ்வளவு நேரமும்.

நான் மறைக்கல்ல மகள். எனக்குத் தெரியல்ல. அவ சொன்னது அவ்வளவும் உண்மை, அந்தத் தேசிக்காய் கூட அங்க கிடக்குது. ஆறு புள்ளைகள் நேர என்னப் பாக்குது. மறு விளங்குற அளவுக்குத் தெளிவில்ல, அதில ஆர் எண்டு தெரியல்ல.

பெட்டரி இரிக்குதா அதில? அப்ப ஒருக்காப் போடுங்க. மஃரிபுக்கு இன்னும் நேரம் இரிக்கு. வெட்டுறத நீங்க பேந்து வெட்டுங்க, நான் சொன்ன சொல் சொன்னதுதான், மாத்த மாட்டன். கதவுப் பக்கம் வெளிச்சம் அடிக்குது, இஞ்சால திருப்புங்க. ஓம். ஆடுறா... கருவாட்டப் பிரட்டுறாங்க... இந்தா, இப்ப திரும்புவாங்க. இதில நிப்பாட்டுங்க. முக்காடு ஏற முந்தி.

சரீப் உங்களுக்குத் தொட்டுக் காட்டினான்தானே. விரல வெச்சு ஒருக்காக் காட்டுங்க மகள். இதில எது எங்கட மரியம்?